ரெண்டு டொலர் சீற்

கனடாவின் யூனியன்வில்லில் கிறிஸ்துநாயகத்தைத் தெரியாத தமிழர் இல்லை. பொருளியல் பேராசிரியர். சந்தையை அதன்பாட்டில் விட்டால் எல்லாம் சரிவரும் என்று இருபத்தாறு வருடம் படிப்பித்தவர். பென்சன் எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை, மாகாணத் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று வெளிக்கிட்டார். மனிசி ஷாமிலா மறிக்கவில்லை. வீட்டில் இருந்து மீன் விலைக்கு விளக்கம் சொல்வதைவிட இது மேல் என்று அவவுக்குப் பட்டிருக்கும்.

முதலில் கட்சி அவரை வேட்பாளராக எடுக்கவேண்டும். பெப்ரவரி ஞாயிறு, பள்ளிக்கூட மண்டபத்தில் கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்பு. போட்டிக்கு நின்றவன் இன்சூரன்ஸ் விற்கும் நிசாந்தன். அவன் முதியோர் குடியிருப்பிலிருந்து மண்டபத்துக்கு இலவச பஸ் என்றான், றோல்ஸும் தேத்தண்ணியும் என்றான். சனம் இரண்டு பேருக்கும் ஓம் சொன்னது. வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல எங்கட ஆக்களுக்கு வராது.

பேராசிரியரின் பிரசாரத்தை நடத்தியவள் ரதி, வீடு விற்பவள்.

"நாங்களும் பஸ் விடுவம் அண்ணை. ஆனால் சீற்றுக்கு ரெண்டு டொலர். காசை இப்பவே வாங்கிப்போடுவம்."

விலை என்ற சொல்லே அவருக்கு இனித்தது. சம்மதித்தார்.

ஞாயிறு விடிய முழங்கால் உயரத்துக்கு ஸ்னோ. கிறிஸ்துநாயகம் ரதிக்குப் போன் எடுத்தார்.

"ஒருத்தரும் வராயினம் ரதி. குடுத்த காசு போன காசு, அதை நினைச்சு முடிவெடுக்கக்கூடாது. இதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறன்."

"அவை உங்கட புத்தகம் வாசிக்கேல்லை அண்ணை. அதுதான் எங்கட பலம்."

பத்து மணிக்கு நிசாந்தனின் பஸ் வந்தது. சாரதி, மூன்று பேர், நாலு தட்டு றோல்ஸ். பின்னாலேயே பேராசிரியரின் பஸ், நிறைந்த பஸ். எண்பத்திரண்டு வயதுத் தியாகலிங்கம் வோக்கரை ஊன்றிக்கொண்டு இறங்கினார்.

"இந்த ஸ்னோவுக்க ஏன் அங்கிள் வெளிக்கிட்டனீங்கள்?" என்றான் நிசாந்தன்.

"காசு கட்டின சீற்றடா. சும்மா விடுறதே?"

இறங்கிய எல்லோரும் முதலில் நிசாந்தனின் றோல்ஸைச் சாப்பிட்டார்கள். பிறகு போய்ப் பேராசிரியருக்கு வாக்குப் போட்டார்கள். முப்பத்தொரு வாக்கால் வென்றார்.

மைக்கைப் பிடித்த கிறிஸ்துநாயகம் ஒரு கணம் சபையைப் பார்த்தார். அவரின் அத்தியாயம் முழுவதையும் பொய்யாக்கிவிட்டு, வாயில் றோல்ஸ் தூளோடு இருந்த சபை.

"நீங்கள் இண்டைக்கு எடுத்தது மிகவும் பகுத்தறிவான முடிவு," என்றார், முகம் கோணாமல்.

முன்வரிசையில் இருந்த ரதிக்கு நெஞ்சு நிறைந்தது. மனிசன் தேர்தலிலும் தப்பிவிடும்.