அடித்தல் ஒன்று

1

கோபத்தில் பிறந்த கதை இது. எங்கள் ஆற்றின் மேல் கிடக்கும் மரப்பலகைகளுக்குப் பதினோரு வருடமாகத் ‘தற்காலிகப் பாலம்’ என்று பெயர். கோபம் வராமல் என்ன செய்யும்?

‘குண்டு வெடித்தபோது அவள்—’

நிறுத்திவிட்டேன். முதல் வரியையும் தீவிரவாதிகளுக்கா தாரை வார்ப்பது? முடியாது.

2

ஆகவே, காலை பத்தரை மணி, பொதுப்பணி அலுவலகம். உதவிப் பொறியாளர் மதிப்பீட்டுப் படிவத்தோடு நிற்கிறாள். தீவிரவாதிகள் இரண்டு முறை பாலத்தைத் தகர்த்தார்கள். இரண்டு முறையும் இந்த அலுவலகம் பலகை போட்டு ஒப்பேற்றியது. லாரி ஏறாததால் அக்கரை நூற்பாலை மூட்டை கட்டிவிட்டது. பிரசவ வலி கண்டவர்கள் வண்டியை விட்டிறங்கி நடக்கிறார்கள். அவள் கான்கிரீட் பாலம் கேட்கிறாள். ஆனால் படிவத்திலேயே ‘தற்காலிக’ என்று அச்சடித்திருக்கிறது.

“இந்த வார்த்தையை அடிச்சுடலாமா சார்?”

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும்மா. மறுபடி வெடிச்சா, ஏன் அடிச்சேன்னு உங்களைத்தான் கேப்பாங்க. வேலை போயிடும்.”

(இவரை முதலில் வில்லனாக்கியிருந்தேன். முதல் வெடிப்பில் செத்தது இவர் தம்பி என்று எழுதியதும் மனசு கேட்கவில்லை. பயம் எனக்கும்தான் இருக்கிறது.)

3

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். பழைய பாலத்தில் கம்பி கட்டியவன். இரண்டாவது வெடிப்பில் காது பாதி கேட்காமல் போய்விட்டது.

“ஏங்க, என் வேலை போனா பரவாயில்லையா?”

“வேலியா? எந்த வேலி?”

“வேலை! வேலைங்க!”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரகசியம் பேச லாயக்கில்லாத குடும்பம்.

“போனா போகட்டும்! இன்னொரு தடவை பலகை போட்டேன்னு மட்டும் வீட்டுக்கு வராத!”

அந்தக் கத்தலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

4

முடிவு அ: பாலம் திறப்பு, மாலை, மேளம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: மூன்றாவது முறையும் குண்டு, அவள்— மாட்டேன். கை கூசுகிறது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ‘தற்காலிக’ என்ற சொல்லின் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

எழுத்தர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு அவள் கையெழுத்தை ஒட்டித் தன் பெயரையும் எழுதினார்.

“சார், உங்களுக்கு எதுக்கு வம்பு?”

“ஒரு பேர் தனியா நின்னா மிரட்டுவாங்கம்மா. ரெண்டு பேர் நின்னா...”

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. படிவத்தின் ஓரத்தில் இன்னும் இடம் இருக்கிறது. அங்கே உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள், முழுசாகவா?