வாங்கிக்கொண்டவன்

அந்தப் பெட்டியை அன்புச்செல்வன் என் கையில் கொடுத்தானா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கொடுத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். மூலை நசுங்கிய ஒரு சின்ன அட்டைப்பெட்டியை வாங்கி மேசையோரம் வைத்ததும், பிறகு எழுந்து பையில் போட்டதும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அது அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததா, முந்தின வாரமா என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. அதையே திரும்பத் திரும்ப யோசித்து, இல்லாத பெட்டியை நானே உண்டாக்கிக்கொண்டேனோ என்றும் சில நேரம் தோன்றும்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எதிரே ஓமந்தூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். பத்திரம், பட்டா, ஆதார் என்று காலையில் கொஞ்சம் கூட்டம் வரும். பதினோரு மணிக்கு மேல் வேலை இருக்காது. அப்போது படிப்பேன். படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பேசினால் ஒரு கையை மட்டும் நீட்டுவேன், தலை நிமிராது. பேச்சு எனக்கு எப்போதுமே குறைவு. கடைக்கு வருகிறவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

பார்சல்கள் என் கடைக்கு வர ஆரம்பித்ததற்கு நான் காரணமில்லை. சென்னையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஆன்லைனில் வாங்கி அனுப்புவார்கள். பொருளைக் கொடுக்கும்போது ஓடிபி எண் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணோ சென்னையிலிருக்கும் பிள்ளையின் போனுக்கு வரும். பொருள் வரும் நேரத்தில் பெற்றோர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை நிலத்தில், இருப்பார்கள். அதனால் பார்சல் கொடுக்க வரும் அன்புச்செல்வன் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சென்னைக்குப் போன் போட்டு எண்ணை வாங்கிவிடுவான். கம்பெனியைப் பொறுத்தவரை பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. உண்மையில் அது என் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும் பைக்குள் இருக்கும். ஊருக்கு ஒரு பை. அந்த ஊர்க்காரர் யார் டவுனுக்கு வந்தாலும், "எங்க ஊருக்கு இன்னா இருக்குது?" என்று கேட்டு, மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்துவிடுவார். யார் எடுத்துப் போனார்கள் என்று நான் எழுதி வைத்ததில்லை. ஒருமுறை நோட்டை நீட்டியபோது, "இன்னாப்பா, எங்களையே சந்தேகப்பட்றியா?" என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நோட்டை உள்ளே வைத்துவிட்டேன். மூன்று வருடத்தில் எதுவும் தொலைந்ததில்லை.

சீனுவாசன் அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஓமந்தூரில் ஏழு ஏக்கர் சொந்த நிலம் வைத்திருப்பவர். என் அப்பாவோடு பழகியவர். தூரத்து உறவும் உண்டு.

"மாசிலாமணி, எம் பொண்ணு கவிதா அவங்கம்மாவுக்குக் காது மிஷின் ஒண்ணு அனுப்பிச்சிருக்குது. வந்து ஒம்பது நாளு ஆவுதாம். எங்க?"

பையைப் பார்த்தேன். இரண்டு சேலைப் பொட்டலங்களும் ஒரு குக்கர் கைப்பிடியும் மட்டும் இருந்தன.

"யாருன்னா எடுத்துக்கினு போயிருப்பாங்களே" என்றேன்.

"எல்லாரையும் கேட்டாச்சி. வீரம்மா வேற, எங்க மிஷின் எங்க மிஷின்னு உசுர எடுக்கறா. பதில் சொன்னாலும் அவளுக்குக் கேக்கல. ஒரே பேஜாரு."

அந்த நேரம் பார்த்து அன்புச்செல்வனின் வண்டி வந்து நின்றது. பின்னால் அவன் உயரத்துக்கு மூட்டை. இருபத்தேழு வயது, சிரித்த முகம். சீனுவாசனைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கி நின்றான்.

"டேய், எங்க பொண்ணுகிட்ட நம்பர் வாங்கினியா இல்லியா?"

"வாங்கினேன்யா. போன செவ்வாக்கெயமைக்கு முந்தின செவ்வா. வாங்கிக்கினு, பொட்டிய அண்ணன் கையில குடுத்தேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியங்களை அதன்பிறகு எத்தனையோ விதமாக மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். 'ஆமாம், கொடுத்தான்' என்பது ஒன்று. 'எனக்கு நினைவில்லை, ஆனால் கொடுக்காமல் போகிறவன் இல்லை' என்பது இன்னொன்று. நான் எதையும் சொல்லவில்லை. நினைவைத் தேடிக்கொண்டிருந்தேன். எதையும் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் சொல்லக் கூடாது என்ற பழக்கம். அதை நல்ல பழக்கம் என்றே எண்ணியிருந்தேன். நான் தேடி முடிப்பதற்குள் சீனுவாசன் என் மௌனத்துக்குத் தானே ஒரு பொருள் எடுத்துக்கொண்டார்.

"அவனே இல்லன்றான் பாரு."

"அண்ணா, சொல்லுங்கணா."

"பார்க்கணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இன்னாத்த பாக்கறது? உங்க காலனியில எந்தக் கெழவி காதுல மாட்டிக்கினு இருக்குதுன்னு போய்ப் பாருடா" என்று சொல்லிவிட்டு சீனுவாசன் ஆட்டோ ஏறினார்.

 அன்புச்செல்வன் ஓமந்தூருக்கான பார்சல்களை எண்ணி மேசைமேல் வைத்தான். "மூணு இருக்குதுணா. பாத்துக்கோங்க" என்றான். அதற்குமுன் அவன் எண்ணிக்கை சொன்னதே கிடையாது.

கவிதா சென்னையிலிருந்து புகார் கொடுத்தாள். விற்றவர், பொருளை அனுப்பிவிட்டேன் என்றார். ஆன்லைன் கம்பெனி, ஓடிபி கொடுத்தபிறகு எங்கள் பொறுப்பு இல்லை, இருந்தாலும் கொண்டுசென்ற நிறுவனத்திடம் விசாரிக்கிறோம் என்றது. அந்த நிறுவனம் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் விழுப்புரம் கிட்டங்கியைக் கேட்டது. கிட்டங்கி அன்புச்செல்வனைக் கேட்டது. அவனுக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லை. அவனுக்கு வேலை தரும் ஐடியை நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் திருட்டு என்று போலீசில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவன் மூட்டை இல்லாத வண்டியில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் புத்தகத்தை மூடினேன். 

"நான் விழுப்புரம் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமாணா? கடையில வெச்சிட்டுப் போனது ரூலுக்கு விரோதம். உங்க வாயால சொன்னாலே ஐடி பூடும்."

"சொல்லலன்னா?"

"திருடன்னு பூடும்." சிரிக்கப் பார்த்தான். "ரெண்டுலயும் பூடும். ரூலுல பூட்டா வேற கம்பெனியில சேந்துக்கலாம். திருட்டுல பூட்டா ஆதார் நம்பரப் போட்டதுமே காட்டிடும். எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள்ள வுடமாட்டான். எங்கப்பன் சவுரிராயன் பேரும் சேந்து நாறும்."

 ஒரு ஷேர் ஆட்டோ ஆளேற்றிக்கொண்டு கிளம்பிப் போனது.

"அண்ணா, உங்களுக்கு ஞாபகம் இருக்குது இல்ல? நான் குடுத்தேன் இல்ல?"

"மூலை நசுங்கியிருந்துச்சா?"

"நாங்க கொண்டாந்து நசுங்காத பொட்டி எதுணா?" என்றான். இந்த முறை நிஜமாகவே சிரித்தான். ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்தது தெரிந்தது. "இருக்குது" என்று சொன்னேன். பாதி உண்மை.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் கால்மணி நேரம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமையை மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன். காலையில் யார் யார் வந்தார்கள், எத்தனை பிரதி எடுத்தேன், அன்றைக்குப் படித்த பக்கங்கள். பக்கங்கள் தெளிவாக நினைவுக்கு வந்தன. மனிதர்கள் வரவில்லை. கை மட்டும் நீண்டு எதையோ வாங்குகிறது, எதையோ கொடுக்கிறது. அந்தப் பக்கம் முகமே இல்லை.

கிட்டங்கி ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பொறுப்பாளர் செல்வகுமாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலி போட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க கடை எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ரூட்லயும் இந்த மாதிரி ஒரு கடை இருக்குது. தெரியாத மாதிரி இருக்கறதாலதான் ஒரு ஆளு ஒரு நாள்ல எம்பது பார்சல் முடிக்கறான். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சின்னு ஆயிடும். அப்பறம் அவன வெச்சிருக்க முடியாது."

"எழுதலன்னா?"

"நாளைக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க. மேல இருந்து மெயில் வந்துடுச்சி. எனக்கும் வருத்தம்தான் சார். பையன் ஜல்தியா வேலை பாக்கறவன்."

"பேப்பர் குடுங்க."

தாளை நீட்டியவர் அதை விடாமல் பிடித்தபடியே கேட்டார்: "தேதி நிச்சயமா சார்? போலீஸ் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லணும்."

 கொட்டகையின் மறுகோடியில் யாரோ பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லை என்று சொல்வதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மையின் முழுப் பாரமும் என்மேல் விழாமல் அன்புச்செல்வன்மேல் போய் விழும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அவன் நீட்டியிருந்தால் நான் பார்க்காமலே வாங்கியிருப்பேன், அடுத்து யார் கை நீட்டியிருந்தாலும் பார்க்காமலே கொடுத்திருப்பேன். மூன்று வருடமாக அப்படித்தான் செய்துவந்தேன். அதற்குமேல் என்ன நிச்சயம் வேண்டும்?

"நிச்சயம்" என்றேன். இன்ன தேதியில் இன்ன பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன், அது என் கடையில் என் கவனக்குறைவால் தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யா என்று எனக்குத் தெரியாது. இந்த வயது வரை, தெரியாத ஒன்றைத் தெரியும் என்று நான் எழுதியது அது ஒன்றைத்தான்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி, அப்படியே ஷேர் ஆட்டோவில் ஓமந்தூர் போனேன். சீனுவாசன் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அன்னிக்கே வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொல்லியிருக்கணும். அந்தப் பையன்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் காலால் காய்களைத் தள்ளிவிட ஆரம்பித்தார். வேறு ஒன்றை யோசித்தார். "அப்போ உன் கடையில இருந்து அத எடுத்தது யாரு?"

"ஓமந்தூர்ப் பையில போட்டேன். ஓமந்தூர்க்காரங்கதான் எடுத்திருப்பாங்க. அந்த வாரம் டவுனுக்கு வந்தவங்களை விசாரிச்சா..."

காலால் காய்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நின்றார். களத்துக்கு அப்பால் நாலைந்து வீடுகள். எல்லாம் அவர் பங்காளிகள் வீடு.

"நம்ம ஜனத்துலயா? சேச்சே" என்றார். பிறகு மெதுவாக, "அத நோண்டாத மாசிலாமணி. ஊருக்குள்ள வீண் சண்டை. எங்கியாவது வுழுந்திருக்கும், வுடு" என்றார்.

கூலிக்கு வந்திருந்த பெண்கள் இருவர் தலைகுனிந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மோர் குடிக்கச் சொன்னார். வேண்டாம் என்று கிளம்பினேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமையே அன்புச்செல்வனின் ஐடியை விதிமீறலுக்காக ரத்து செய்தார்கள், போலீசுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் சேர்ந்து, இப்போது செஞ்சி ரோட்டுப் பக்கம் பார்சல் கொடுக்கிறான். என்னைப் பார்த்தால் வண்டியிலிருந்தே கை காட்டுவான், நிறுத்துவதில்லை. சீனுவாசன் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. பட்டா நகலெடுக்க இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். செல்வகுமாரைக் கடலூருக்கு மாற்றிவிட்டார்கள். கவிதாவுக்குக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் தர முயன்றேன், வாங்க மறுத்துவிட்டாள். தீபாவளிக்கு வந்தபோது சென்னையில் நேரில் ஒரு கடைக்கே போய் இன்னொரு மிஷின் வாங்கி வந்தாள். வீரம்மாள் அதை மாட்டிக்கொள்கிறார். நான் இப்போது யாருடைய பார்சலையும் வாங்கி வைப்பதில்லை. தொலைந்த பெட்டி கிடைக்கவில்லை.