அஞ்சலினின் கல்யாணத்துக்கு வெளியே

மரியஸ்ரைன் மாதா திருவிழாவில் பூசை முடிந்து, சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் அலோசியஸ் தன் மனைவியின் தம்பி டெஸ்மன்டின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். அடிக்கவில்லை. அடிப்பதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் பாய்ந்து வந்து இழுத்துவிட்டார்கள். ஆனால் சுவிசின் எல்லா மூலையிலிருந்தும் தமிழ்ச் சனம் வந்து கூடுகிற நாள் அது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள், சோற்றுத் தட்டோடு நின்றவர்கள் எல்லாருமே பார்த்தார்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, வில் நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தலை நரைக்கும் வரை வேலை செய்து, ஒருவரோடும் சத்தமாகக் கதைக்காத மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

அதற்காக அவர் வெட்கப்படவில்லை. மகளுக்காகச் செய்த காரியம் அது.

ஒரே மகள் அஞ்சலின். சுவிசிலேயே படித்து, ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தாள். கூட வேலை செய்த பெண்ணொருத்தி கூப்பிட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபைக்குப் போனாள். பிறகு எல்லா ஞாயிறும் போனாள். பிறகு ஒரு நாள் அங்கே ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று வந்து சொன்னாள். குழந்தையில் கத்தோலிக்கக் கோயிலில் எடுத்தது போதாதோ என்று அலோசியஸ் கேட்டார். அதன் பிறகு பல மாதம் அவர் அவளோடு பேசவில்லை. அவள் வந்தால் பல்கனிக்குப் போய்விடுவார். போன பிறகு உள்ளே வருவார்.

மகள் வேறு ஆளாகிவிடுவாள் என்றுதான் அவர் பயந்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முன்னைப் போலவே திங்கட்கிழமையில் வந்தாள், மீன்குழம்பைக் கேட்டு வாங்கித் தின்றாள், தாயோடு சண்டை பிடித்தாள். தேத்தண்ணியை மட்டும் வேண்டாம் என்றாள். அந்தச் சபையில் அது விலக்காம், கோப்பியும் இல்லையாம். தாய் பற்றிமாவுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் பெரிய அடி. "நான் ஊத்தின தேத்தண்ணியிலை என்ன பாவம் கிடக்கு?" என்று அழுதாள். பிறகு மல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு, மல்லித்தண்ணி வைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

இப்படி வீடு கொஞ்சம் ஆறிவரும்போது அஞ்சலின் மத்தியாஸைக் கூட்டிவந்தாள். துர்காவ் பக்கத்துச் சுவிஸ்காரப் பையன், அதே சபை, வேலை எலெக்ட்ரீசியன். சபை ஊழியத்துக்காக இரண்டு வருடம் மடகஸ்காரில் இருந்தவன். அங்கே மூன்று நேரமும் சோறுதான் என்று சொல்லிக்கொண்டு, பற்றிமா வைத்த சோற்றில் இரண்டாம் முறையும் போட்டுத் தின்றான். கல்யாணம் செய்யப்போகிறோம் என்றார்கள். அலோசியஸ் பையனிடம் குறை தேடினார். கிடைக்கவில்லை. அது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அந்தச் செய்தி வெளியே போனதும் தொலைபேசி ஓயவில்லை.

தொடங்கிவைத்தவன் டெஸ்மன்ட். சூக் நகரத்தில் ஒரு உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாக இருக்கிறான். தன் மனைவியின் உறவுப் பையன் ஒருவனுக்கு அஞ்சலினை முடித்துவைக்க நினைத்திருந்தவன். அது நடக்கவில்லை என்ற கறுவல் அவனுக்கு இருந்தது. அந்தச் சபையில் ஆம்பிளைகள் நாலு பெண் கட்டுவார்களாம், உங்கள் மகள் எத்தனையாவது ஆள் என்று கேட்டுப் பாருங்கள் என்று பற்றிமாவிடம் சொன்னான். அவன் சொன்னது ஃப்ரிபூர்க்கில் இருக்கும் சொந்தக்காரரிடம் போய், அங்கிருந்து இன்னும் வளர்ந்து திரும்பி வந்தது. ஒருத்தி, அவர்கள் கிறிஸ்மஸ் கொண்டாடமாட்டார்கள் என்றாள். இன்னொருத்தி, விபத்து நடந்தாலும் இரத்தம் ஏற்றவிடமாட்டார்களாம், பிள்ளை செத்துப்போய்விடும் என்று அழுதாள். யாரோ ஒருவர், அவர்கள் கரண்டு பாவிக்காமல் குதிரை வண்டியில் திரிகிறவர்கள், தான் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். மாப்பிள்ளையே எலெக்ட்ரீசியன் என்று அலோசியஸ் தொண்டை கட்டும் வரை விளக்கவேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டு முடிந்ததும், அவர் மத்தியாஸை மேசையிலேயே இருத்தி, தனக்குத் தெரிந்த சுவிஸ் ஜெர்மனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கும்போது வெட்கமாக இருந்தது. பையன் கோபப்படவில்லை. இதெல்லாம் தனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம் என்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சபை ஆட்கள் பல பெண்களைக் கட்டியது உண்மை, அதை ஒளிக்கத் தேவையில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அது விலக்கப்பட்டிருக்கிறது, இன்றைக்கு இரண்டாவது கட்டினால் சபையை விட்டு வெளியே போடுவார்கள் என்றான். இரத்தம் ஏற்றாதது வேறு சபை. குதிரை வண்டி இன்னொரு கூட்டம். கிறிஸ்மஸுக்குத் தன் தாய் சுடுகிற பிஸ்கட்டை அவரே வந்து தின்று பார்க்கலாம் என்றான். இயேசுவைக் கும்பிடாதவர்களாமே என்று பற்றிமா அடுப்படியிலிருந்து கேட்டாள். மோர்மன் என்பது மற்றவர்கள் வைத்த பெயர், சபையின் உண்மையான பெயரிலேயே இயேசுவின் பெயர் இருக்கிறது என்று அஞ்சலின் சொன்னாள். பிறகு ஏன் சிலுவை வைக்கவில்லை என்று பற்றிமா கேட்டாள். அதற்கு அவர்கள் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அலோசியஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினார். தொலைபேசியில் சொன்னார், தொழிற்சாலையின் இடைவேளையில் சொன்னார், தமிழ்க் கடையில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றும் சொன்னார். அந்தச் சபையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுடைய வேதப் புத்தகத்தை அவர் திறந்தும் பார்த்ததில்லை. மகள் அதில் சேர்ந்ததை அவர் மன்னித்துவிட்டார் என்றும் இல்லை. ஆனால் பிழையைச் சொல்வதென்றால் உள்ள பிழையைச் சொல்லவேண்டும். இல்லாததைச் சொல்லித் தன் பிள்ளையைக் கேவலப்படுத்தினால் அவருக்கு இரத்தம் கொதித்தது. கதை பரப்பியவர்கள் அவர் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அடுத்த கிழமை அதையே திரும்பச் சொன்னார்கள். மனிதருக்கு உண்மை வேண்டாம், கதைக்க ஒரு விஷயம்தான் வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அது விளங்க விளங்கக் கோபம் கூடியது.

திருவிழாவில் டெஸ்மன்ட் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றான். திரும்பிப் பார்த்தான். தன்னோடு நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்.

"அத்தான், அவையள் உள்ளுக்கை ஏதோ மந்திர உடுப்புப் போடுறவையாம். அஞ்சலினும் இப்ப அதைத்தானோ போடுறவள்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அலோசியஸின் கை அதற்குள் போய்விட்டது.

"நீ தூக்கி வளர்த்த பிள்ளையடா அவள். அவளின்ர உள்ளுடுப்பைக் கதைக்கிறியோ? மாதாவின்ர முற்றத்திலை நிண்டு கதைக்கிறியோ?"

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பற்றிமா, எனக்கு இருந்தது ஒரு தம்பிதானே என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அது குத்தியது. ஆனாலும் உள்ளே எங்கேயோ நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. மகளோடு பேசாமல் பல்கனியில் நின்ற மாதங்களுக்கெல்லாம் சேர்த்து ஏதோ செய்துவிட்டதாக நினைத்தார்.

செய்தி அஞ்சலினுக்கு எட்டியது. மறுநாளே வந்தாள். அப்பா எனக்காகவா என்று கேட்டு அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சோபாவின் நுனியில் இருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். முந்தியே சொல்லியிருக்கவேணும்."

கல்யாணம் இரண்டு இடத்தில் நடக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை வில்லில் பதிவுத் திருமணம். சட்டப்படி அதுதான் முதலில். சனிக்கிழமை பேர்னுக்குப் பக்கத்தில் சொலிகோஃபனில் இருக்கும் அவர்களுடைய ஆலயத்தில். அதுதான் தனக்குக் கல்யாணம், இந்த உலகத்துக்கு மட்டுமல்ல, எப்போதைக்குமான கல்யாணம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு யாரும் வரலாம். ஆனால் அந்த ஆலயத்துக்குள் சபையில் அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் போகலாம்.

அலோசியஸுக்கு உடனே விளங்கவில்லை. தாய் தகப்பனுக்கு என்ன முறை என்று கேட்டார். அஞ்சலின் தலையைக் குனிந்தாள். தாய் தகப்பனுக்கும் இல்லை என்றாள். வெளியே தோட்டம் இருக்கிறது, அங்கே காத்திருக்கலாம், முடிந்ததும் எல்லாரும் படம் எடுக்கலாம் என்றாள்.

அவர் எழும்பினார்.

"ஊரெல்லாம் பொய் சொல்லிச்சு. ஒவ்வொரு பொய்க்கும் நான் நாய் மாதிரிக் குரைச்சன். உன்ர மாமனை அடிக்கப் போனன். இவ்வளவு பொய்க்குள்ளையும் உண்மை ஒண்டு இருந்திருக்கு. அது ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்லேல்லை."

"பயமாயிருந்தது அப்பா."

"என்ர பிள்ளையின்ர கல்யாணத்திலை நான் தோட்டத்திலை நிக்கிறதோ? பெத்தவனுக்குக் கதவைச் சாத்துறது என்ன கடவுள்?"

பற்றிமா இடையில் வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மத்தியாஸையும் சபையையும் திட்டினார். குதிரை வண்டிக்காரரே பரவாயில்லை என்றார். அஞ்சலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கும் பொறுக்கவில்லை. அவருடைய மகள்தானே. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என்ர ஞானஸ்நானத்துக்கு ஆரும் வரலாம் எண்டு சொன்னனான் அப்பா. உங்கட பேரைச் சொல்லி முன்வரிசையிலை இரண்டு கதிரை வைச்சிருந்தனான். அண்டைக்குக் கதவு திறந்துதான் கிடந்தது. நீங்கள் வரேல்லை."

அவள் சொன்னது உண்மை என்பதற்கும் சேர்த்து அவருக்குக் கோபம் வந்தது. போ என்றார். அவள் போய்விட்டாள்.

கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டில் சிரிப்பு இல்லை. பற்றிமா சேலை எடுத்தாள், பலகாரம் சுட்டாள். வெள்ளிக்கிழமை அலோசியஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு பதிவுக்குப் போனார். அஞ்சலின் ஓம் என்று சொல்வதை ஜெர்மனில் கேட்டார். கை தட்டினார். பிறகு நடந்த சாப்பாட்டில் மத்தியாஸின் தாய் தகப்பனோடு மரியாதையாகக் கதைத்தார். அவர்கள் அடுத்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தபோது எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனார்.

சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்று பற்றிமாவிடம் சொல்லியிருந்தார். விடியவே அவள் சேலை உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, வாசல் கதிரையில் இருந்தாள். ரயிலில் போகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கார்த் திறப்பை எடுத்தார்.

சொலிகோஃபனில் அந்த ஆலயம் புல்வெளியின் நடுவே வெள்ளையாக நின்றது. கோபுர உச்சியில் எக்காளம் ஊதுகிற பொன்சிலை. பூக்களை அழகாகத்தான் நட்டிருந்தார்கள். அந்த அழகே அவருக்கு ஆத்திரமூட்டியது. அஞ்சலின் வெள்ளைக் கல்யாணச் சட்டை வைத்த பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனவள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பற்றிமா கையைக் காட்டினாள். அவர் காட்டவில்லை. கதவு மூடியது. பற்றிமா அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். அவர் உட்காரவில்லை. புல்வெளி ஓரமாக மேலும் கீழும் நடந்தார்.

தெருவோரத்தில் ஒருவன் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். மத்தியாஸின் அண்ணன் என்று தன்னைச் சொன்னான். சபையை விட்டு விலகி நெடுங்காலம், அதனால் தனக்கும் உள்ளே இடமில்லை என்றான். தம்பியின் கல்யாணம் அல்லவா, கோபம் வரவில்லையா என்று அலோசியஸ் கேட்டார். வருகிறது என்றான். ஆனால் தன்னுடைய கல்யாணம் இங்கே நடக்கவில்லை என்று தாய் அழுத அழுகையைத் தான் பார்த்தவன். அவர்கள் யாரையும் வதைக்க இதைச் செய்யவில்லை, உண்மையாகவே நம்புகிறார்கள், அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது என்றான். வெறும் ஏமாற்று என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அலோசியஸ் அவனிடம் ஒரு சிகரெட் வாங்கினார். அவர் சிகரெட்டை விட்டுப் பல வருடம்.

கதவு திறந்தபோது அஞ்சலின் சிரித்தபடி வந்தாள். முகத்தில் அழுத தடம் இருந்தது. எல்லாரையும் தாண்டி நேரே அவரிடம் வந்தாள்.

"எனக்குக் கோவம் போகேல்லை," என்றார்.

"தெரியும் அப்பா."

"கனகாலம் இருக்கும்."

"எனக்கும் இருக்கு," என்றாள்.

அவர் தலையாட்டினார். அவளுடைய கையைப் பிடித்தார். படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. கையையும் விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து டெஸ்மன்ட் தொலைபேசி எடுத்தான். அக்காவைக் கேட்கவில்லை, அத்தானைத்தான் கேட்டான். திருவிழாவில் நடந்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சுகம் விசாரித்தான். பிறகு, உங்களை உள்ளே விடவில்லையாமே, வாசலில் நின்றீர்களாமே என்றான். குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் இனிப்பும் இருந்தது.

"ஓம், விடேல்லை," என்றார் அலோசியஸ். "அது உண்மை. அதுக்குக் கோவப்பட எனக்கு உரிமை இருக்கு, நான் என்ர மகளோடை கோவப்படுவன். நீ அதுக்குள்ளை வராதை. நீ இவ்வளவு நாளும் சொன்னது முழுக்கப் பொய். அதை நீ ஆர் ஆருக்குச் சொன்னியோ, அவையளுக்கெல்லாம் எடுத்துப் பொய் எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு இங்கை வா. அக்கா உன்னைத் தேடுறாள்."

டெஸ்மன்ட் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்காமல், அவன் பதிலுக்காகக் காத்து நின்றார்.