பதினெட்டு சார்

அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பார்க்கும் அதிகாரிக்குப் ‘பதினெட்டு சார்’ என்று பெயர். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் அரசு நெல்லை எடுக்காது. மனுஷன் மீட்டரை எந்த மூட்டையில் வைத்தாலும் பதினெட்டு என்பார். வாங்கினால் அடுக்க வேண்டும், அடுக்கினால் மூட வேண்டும். அவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு.

டிராக்டர்க்காரி மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். சொந்த டிராக்டர், தானே ஓட்டுவாள். நாற்பது மூட்டை நெல். இரண்டு தடவை திருப்பி அனுப்பியதில் ரோட்டில் கொட்டிக் காயவைத்து, கடித்தால் நறுக்கென்று முறிகிறது. இன்றோடு கொள்முதல் முடிகிறது. விட்டால் வியாபாரி பாதி விலைக்குக் கேட்பான், அவளும் தலையெழுத்தே என்று கொடுக்க வேண்டியதுதான்.

“பதினெட்டும்மா,” என்றார்.

“சார், மீட்டர் இன்னும் ஆன் ஆகலை.”

“எனக்கே சொல்லித் தர்றியா? இருபது வருஷ சர்வீஸ். கையில எடுத்தாலே தெரியும்.”

தெரியும், தெரியும். தப்பித்தவறி அவர் வாங்கி வைத்த மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன, அடிவரிசையில் பச்சையாக முளைவிட்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். செருப்பைக் கழற்றலாமா என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது.

அப்போது போன் அடித்தது. மதியத்துக்கு மேல் பெரிய அதிகாரி இருப்பைப் பார்க்க வருகிறாராம். “எல்லாம் தார்ப்பாய் போட்டுப் பத்திரமா இருக்கு சார்,” என்று கூசாமல் புளுகிவிட்டு வெளியே வந்தவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பிறகு அவளுடைய டிரெய்லரைப் பார்த்தார். புத்தம்புது நீலத் தார்ப்பாய்.

“தங்கச்சி, அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் குடேன்.”

காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையானாலும் காலைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுதையாக இருப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

“ஈர நெல்லு மேல கெடந்தது சார். அதுவும் ஈரமாத்தானே இருக்கும்?”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரை ஆன் செய்தார். முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தார்.

“பதினஞ்சு.”

நாற்பது மூட்டையும் எடை ஏறிக் கடைசி வரிசையில் அடுக்கப்பட்டன. ரசீதில் முத்திரை விழுந்ததும் அதை எழுத்துக் கூட்டிப் படித்து மடித்து வைத்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது.

“முன்வரிசையை மூடும்மா! அதான் அவர் கண்ணுல படும்!”

அவள் தார்ப்பாயைக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போனாள். தான் இரண்டு தடவை காயவைத்த நெல் நனைவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. நாற்பது மூட்டைக்கும் அது அளவாக இருந்தது. நாலு மூலையும் இறுக்கிக் கட்டினாள்.

“மத்த மூட்டையெல்லாம் நனையுதும்மா!”

“எவ்வளவு ஈரம்னு கையில எடுத்துப் பாருங்க சார்.”

மழை கொட்டியது. பெரிய அதிகாரியின் ஜீப் உள்ளே நுழைந்தபோது, அந்த நிலையத்தில் காய்ந்திருந்தது பதினெட்டு சார் இரண்டு தடவை திருப்பி அனுப்பிய நெல் மட்டும்தான்.