பட்டாணி போட்ட சத்தங்கள்

எங்கள் மகள் தூங்கும்போது போடுகிற சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டால், உள்ளே பச்சைக் குழந்தை படுத்திருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். முக்கல், முனகல், எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிறீச். நடுநடுவே மேடை ஏறப்போகும் பேச்சாளர் போல ஒரு செருமல். அப்புறம் முகம் செக்கச்செவேலென்று ஆகும். உடம்பை முறுக்கி, கால்களை வயிற்றோடு மடக்கி, ஓர் உதை விடுவாள். முடிவில் காற்று பிரியும். அந்த ஒரு சத்தம்தான் எங்களுக்கு விளங்கியது.

பிறந்தபோது அத்தனை பொடிசாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவள் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டது அவள் தலையெழுத்து. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அரதப் பழசான லிஃப்ட்டுகளைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. நான் அதே கம்பெனியில் புகார் போன் எடுப்பவள். சத்தம் வந்தால் முதலில் நிறுத்து, அப்புறம் யோசி என்பது அவர் வேதம். மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும் என்பது என் மேலாளர் என் மண்டையில் ஏற்றிவைத்த பாடம். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தொட்டிலைப் போட்டால் என்ன நடக்கும்? அவள் ஒரு முனகல் முனகி முடிப்பதற்குள் நான் அள்ளி மார்பில் போட்டுவிடுவேன். நான் குளிக்கப் போயிருந்தால் அவர் அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். பட்டாணி திருதிருவென்று விழிப்பாள். அரைத் தூக்கத்தில் இரண்டு மடக்குக் குடிப்பாள், அப்படியே அசந்துபோவாள். தொட்டிலில் போட்டால் மறுபடி முக்கல். மறுபடி தூக்கு.

அவருக்கு ஒவ்வொன்றும் பழுதாகத்தான் தெரிந்தது. விக்கல் வந்தால் என்னவோ அடைத்திருக்கிறது. தும்மினால் தூசி. மூச்சை வேறு காது வைத்துக் கேட்டார்.

"இங்க வந்து கேளு. வேகமா ஓடுது, கொஞ்சம் நிக்குது, திரும்ப ஓடுது. இது சரியில்ல."

"நீங்க மூக்குகிட்ட மூக்கை வச்சிட்டு நின்னா யாருக்குத்தான் மூச்சு நிக்காது?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அடுத்த நிமிடம் நானும் குனிந்து காதை வைத்தேன்.

எல்லாவற்றையும்விட அவரை ஆட்டிவைத்தது அந்தத் தூக்கிப்போடல். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று இரண்டு கைகளையும் விரித்து, விரல்களைப் பரப்பி, எங்கிருந்தோ விழுவது போல உலுக்கிக்கொள்வாள். அவர் முகம் வெளுத்துவிடும். அறுந்து விழும் லிஃப்ட்டைக் கனவில் கண்டு வியர்த்து எழுகிற மனிதர் அவர். பெற்ற மகளே விழுவது போலக் கைவிரித்தால் எப்படித் தாங்குவார்?

முதல் முறை எடை பார்க்கப் போனபோதும் அதுதான் நடந்தது. எடைத் தட்டில் படுக்கவைத்ததும் பட்டாணி கைகளை விரித்து உலுக்கினாள். அவர் பாய்ந்து பிடித்தார். எண் அழிந்துபோனது.

"கையை எடுங்க சார்," என்றார் நர்ஸ் அக்கா. "குழந்தையோட எடையைப் பார்க்கணும், உங்க எடையை இல்ல."

இன்னொரு முறை போட்டதில் எண் நின்றது. பிறந்த எடையைக்கூட அவள் இன்னும் திரும்பப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா உச்சி முதல் உள்ளங்கால் வரை நிதானமாகப் பார்த்தார். என் பால் போதுமான அளவு இருக்கிறது என்றார். பிறகு என் வீட்டுக்காரர் அடுக்கிய அத்தனை சத்தங்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "மூச்சு விடுறது, ஜீரணிக்கிறது, எல்லாமே அவளுக்குப் புதுசு. பழகுறா. உதடு நீலமானா, மூச்சு விடுறப்ப விலா உள்ள இழுத்தா, உடம்பு சுட்டா, எழுப்பியும் குடிக்காமக் கிடந்தா அந்த நிமிஷமே கொண்டு வாங்க. மத்தபடி தூங்குறவளைத் தூங்க விடுங்க. பால் நேரத்துக்கு நல்லா எழுப்பி, வயிறு நிறையக் குடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். எடை ஏறலைன்னா உள்ள சேர்த்துத்தான் ஆகணும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வாசற்கதவு ஓரமாக வைத்தார். துண்டு, துணி, ஃபிளாஸ்க், எனக்குப் போர்வை. போகும்போதும் வரும்போதும் அந்தப் பை காலில் இடறியது. இடறும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. கையில் ஊசி குத்தி, குழாய் மாட்டி, வேறு யாரோ தூக்கிவைத்திருக்கும் பட்டாணியைத்தான் அதில் பார்த்தேன்.

"டாக்டரம்மா தூக்காதீங்கன்னு சொன்னாங்கல்ல," என்றேன், அவர் மறுபடி தொட்டிலுக்குள் கையை விட்டபோது.

"சாதாரண சத்தம்தான்னு நானும்தான் கஸ்டமர்கிட்ட சொல்றேன். அவங்க நிம்மதிக்குச் சொல்றது அது."

"அப்ப அவங்க பொய் சொல்றாங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை. ஒரு தடவை ஒரு சத்தத்தைச் சும்மா விட்டேன். ஒரு அம்மா மதியம் பூரா லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அழுதது இன்னும் காதுல கேக்குது."

ஆனாலும் சண்டை போட்டோம். உங்கள் கை சும்மா இருக்காதா என்று நான், உன் கை மட்டும் சும்மாவா இருக்கிறது என்று அவர். இரண்டு பேரும் சொன்னது உண்மை. சண்டைச் சத்தத்தில் பட்டாணி மட்டும் அசந்து தூங்கினாள் என்பதைக் கூட நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் அவர் போன் அடித்தது. நான் விடுப்பில் இருந்ததால் புகார்கள் நேராக அவருக்கே வந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு குடியிருப்பின் காவலாளி. போன மாதம்தான் அங்கே புது லிஃப்ட் போட்டிருந்தார்கள், இவரும் உதவிக்குப் போயிருந்தார். ஒரு கையால் போனைப் பிடித்து, மறு கையால் முனகும் பட்டாணியைத் தூக்கப் போனவர், அந்த ஆள் பேச்சில் கடுப்பாகி அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சத்தம்? டிக்குன்னா? சரி. அப்புறம்? உரசுற மாதிரியா? அண்ணே, அது புது லிஃப்ட். ரோப்பு இழுத்துக் குடுக்கும், தண்டவாளத்தைப் பிடிச்சு ஓடுற ஷூ தேஞ்சு உக்காரும், கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடத்தான் செய்யும். என்னது, நிறுத்திட்டீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுத்துறீங்க? சத்தம் வர்றப்பல்லாமா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கதவு மூடாம ஓடினா கூப்பிடுங்க. மாடிக்குச் சரியா நிக்கலைன்னா கூப்பிடுங்க. மத்தபடி அதை ஓட விடுங்க. தொட்டதுக்கெல்லாம் நிறுத்தினா அது எப்பண்ணே செட் ஆகும்?"

போனை வைத்தார். நான் அவரையே பார்த்தேன். ஆயிரம் புகார் கேட்ட காது என்னுடையது, அந்த அதட்டலை நான் என்றைக்கோ மனப்பாடம் செய்தவள். ஆனாலும் அன்றைக்குத்தான் அது உறைத்தது.

அவர் தொட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"நான் பழைய லிஃப்ட்டுக்காரன்," என்றார், அசடு வழிய. "பழசுல சத்தம் வந்தா பழுது. இது புதுசு. எனக்குத் தோணவே இல்ல பாரு."

"எனக்கு மட்டும் தோணிச்சா? புகார் வந்தா எடுக்கத்தான் தெரியும் எனக்கு."

தொட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவர் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன். பட்டாணி முக்கினாள். உதட்டைப் பார்த்தோம், இளஞ்சிவப்பு. விலாவைப் பார்த்தோம், அமைதியாக ஏறி இறங்கியது. கிறீச் என்றாள். என் மார்பு கனத்துக் கசிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது, கால் மடங்கியது, இரண்டு கைகளும் விரிந்து உலுக்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஓர் உதை, அதன் பின்னால் காற்று பிரிந்த சத்தம். விரிந்த கைகள் தாமாகவே மெல்ல வந்து நெஞ்சில் படிந்தன. கண்ணே திறக்காமல் அவள் ஆழமான தூக்கத்துக்குள் போய்விட்டாள். இத்தனை நாளும் அவள் தூங்கிக்கொண்டுதான் சத்தம் போட்டிருக்கிறாள். நாங்கள்தான் எழுப்பிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அறையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அதைவிடப் பயமாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து மண்டையை மோதிக்கொண்டோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பால் நேரம் நெருங்கி, எழுப்பலாமா என்று நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே அவளாகவே விழித்தாள். முஷ்டியைச் சப்பினாள், தலையை இங்கும் அங்கும் திருப்பித் தேடினாள். பிறகு அழுதாள். அது வேறு சத்தம். முக்கலுமில்லை, கிறீச்சுமில்லை, எனக்குப் பசிக்கிறது என்று வீட்டையே அதட்டுகிற அழுகை. அன்றைக்குத்தான் அவள் முழு விழிப்போடு குடித்தாள். கடவாயில் பால் வழிய, அவசர அவசரமாக, மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்துக் குடிகாரன் போல என் கைமேல் சாய்ந்தாள்.

அந்த வாரம் முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தோம். இருந்தும் எடை பார்க்கிற நாளில் பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் தைரியம் இல்லை.

எடைத் தட்டில் படுத்ததும் பட்டாணி கைகளை விரித்து உலுக்கினாள். எண்கள் மேலும் கீழும் குதித்தன. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, தோளில் பையோடு, அசையாமல் நின்றிருந்தார். பட்டாணியின் கைகள் மெல்ல நெஞ்சுக்குத் திரும்பின. எண்களும் குதிப்பதை விட்டன. நர்ஸ் அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"பிறந்த எடையைத் தாண்டிட்டா. அந்தப் பையைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க."

நான் அங்கேயே அழுதேன், வெட்கப்படவே இல்லை. அவர் சுவரிலிருந்த தடுப்பூசிப் படத்தை ரொம்ப நேரம் படித்தார்.

கீழே இறங்க லிஃப்ட்டில் ஏறினோம். கதவு மூடியதும் அது ஒரு முனகல் முனகியது. அதே நேரம் என் தோளில் தூங்கிய பட்டாணியும் முக்கி, கிறீச்சிட்டு, உடம்பை முறுக்கினாள். அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது, காது கூர்மையானது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் லிஃப்ட்டின் சுவரில் காதை வைத்தார்.

"இதுக்கு ஆள் வரணும்," என்றார். "அவ தூங்கட்டும்."