கத்திரி விட்டுக்கொடுத்த பந்தயம்

அந்தத் தெருவில் அந்தத் தையல்காரப் புருஷன் பெண்டாட்டிக்கு ஊசி, கத்திரி என்றுதான் பெயர். அவன் துணி வெட்டுவான். அவள் தைத்து, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைப்பாள். ஒரே அறையில் எட்டு வருடமாகச் சேர்ந்து தொழில் செய்கிறார்கள், எட்டு வருடமாகச் சண்டையும் போடுகிறார்கள். இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க வருகிறார்களா, இந்தக் கச்சேரியைக் கேட்க வருகிறார்களா என்று பக்கத்துச் சலவைக் கடைக்காரருக்கே சந்தேகம்.

அப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளை உண்டானால் சும்மா இருப்பார்களா? பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. பெண் என்றாள் ஊசி. பையன் என்றான் கத்திரி. ஆதாரம்? இருவரிடமும் ஒரு மண்ணும் இல்லை. தோற்றவர் ஆறு மாதம் குழந்தைத் துணி துவைக்க வேண்டும் என்று பந்தயம் வேறு. அவள் குமட்டிக்கொண்டு ஓடினால், "எம்பையன் ஒதைக்கிறான்" என்பான்.

"ஒதைக்கறதுக்குக் காலே இன்னும் சரியா வளரல, அதுக்குள்ள பெருமையைப் பாரு! எம்பொண்ணுக்கு ஒங்க கொரலைக் கேட்டாலே கொமட்டுது" என்பாள் அவள்.

பதினாலாவது வாரம் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "பார்த்துச் சொல்ற அளவுக்கு இல்லம்மா" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். பையனா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

ஊசி நாலு நாள் அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், மிஷினில் நூல் கோர்க்கும்போதும் பெண்ணா, பையனா என்று மனசு நச்சரித்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களோ, "கவலைப்படாதே, அடுத்தது நல்லா வரும்" என்றார்கள். என்னமோ பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் சொல்வது மாதிரி! அடுத்தது வரட்டும், யார் வேண்டாமென்றது? போனது யார் என்றல்லவா அவளுக்குத் தெரிய வேண்டும்!

அதைவிடக் கொடுமை கத்திரி. புலி மாதிரி இருந்த மனுஷன் பூனையாகிவிட்டான். எதைச் சொன்னாலும் "சரி". சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். அப்படியே தின்று முடித்தான். ஒரு நாள் வேண்டுமென்றே, "பொண்ணுதாங்க அது" என்று வம்புக்கு இழுத்தாள்.

"சரி, பொண்ணுதான். நீயே ஜெயிச்சதா வச்சுக்க" என்று தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச உலகத்தில் அவளுக்கு இருந்ததே ஒரே ஒரு ஆள். அவனும் வாயை மூடிக்கொண்டால் அவள் யாரிடம் போவாள்?

இந்த லட்சணத்தில்தான் ஒரு காலை ஓட்டல் மேனேஜர் பெரிய மூட்டையோடு வந்து நின்றார். அவர் போட்டிருந்த சட்டையிலேயே பட்டன்கள் ஏறுக்குமாறாக மாட்டியிருந்தன.

"என்னக்கா இது? எங்க சர்வருங்க பதினெட்டு பேரும் நீங்க தச்சுக் குடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு காலையிலேருந்து கண்ணாடி முன்னாடி நின்னு முழிக்கிறாங்க. பட்டனெல்லாம் பொம்பளைங்க சட்டைக்கு வைக்கிற பக்கத்துல இருக்கு!"

ஊசி ஒரு சட்டையைப் பிரித்துப் பார்த்தாள். ஆண் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம். தொழிலுக்கு வந்த முதல் நாள் படித்த பாடம். பதினெட்டிலும் இடப்பக்கம்! பெண், பெண் என்று நினைத்துக்கொண்டே தைத்தால் கை வேறு எங்கே போகும்? காஜா போட்டதை அழிக்கவும் முடியாது. அத்தனை சட்டைக்கும் முன்பக்கம் புதிதாக வெட்டியாக வேண்டும்.

பழைய கத்திரியாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"பரவால்ல விடு. நான் மறுபடி வெட்டித் தர்றேன்" என்றான் அவன்.

"என்ன பரவால்ல? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சுன்னு கேளுங்க!"

"விடும்மா. ஒன் மனசு சரியில்ல."

"எம்மேல எரக்கப்படாதீங்க! அன்னிக்கும் இப்படித்தான், நீயே ஜெயிச்சதா வச்சுக்கன்னீங்க. எம்பையன் எம்பையன்னு தலையில தூக்கி வச்சு ஆடுனீங்களே, இப்ப எப்படிங்க விட்டுக்கொடுக்க மனசு வந்துச்சு? அவனுக்காகப் பேச அப்பன்கூட இல்லையா?"

கத்திரி கையிலிருந்த அளவு நாடாவை விட்டெறிந்தான்.

"யாருடி விட்டுக்கொடுத்தது? பையன்தான்! இன்னைக்கும் சொல்றேன், நாளைக்கும் சொல்வேன், பையன்தான்! என்னை மாதிரியே காது ரெண்டும் வெடச்சுக்கிட்டு நிக்கும். கீழ கெடக்குற பட்டனையெல்லாம் பொறுக்கி வாயில போடுவான்!"

"எம்பொண்ணு ஒண்ணும் வாயில போட மாட்டா. நெறம் பிரிச்சு டப்பாவுல போடுவா. அவளுக்குப் புத்தி இருக்கு."

"புத்தியா? ஒம்பொண்ணுக்கா? வாய்தான் இருக்கும், காது வரைக்கும்!"

"அப்பனைப் பார்த்துக் கத்துக்கிட்டது!"

அவன் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேச்சுக்குப் பேச்சு கொடுத்தாள். எத்தனை நாளாயிற்று! வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். சட்டையை மறந்துவிட்டுச் சண்டையைத் தணிக்கப் பார்த்தார்.

"அட, வீட்டுக்கு வீடு வாசப்படிதானே அண்ணே. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணா? ரெண்டும் சரியான வாலுங்க போல! என்ன வயசாகுது?"

ஊசி சட்டென்று கத்திரியைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளாக அவன் ஒருவரிடமும் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. யாராவது எடுத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போது போகவில்லை. மேனேஜருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. ரெண்டு இல்லங்க, ஒண்ணுதான். பதினாலு வாரம் இருந்துச்சு, அப்புறம் போயிருச்சு. பையனா பொண்ணான்னு தெரியல. அதான் சண்டை."

ஊசி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலன்னு அவரு சொல்லுவாரு" என்றாள் மேனேஜரிடம். "பொண்ணுதாங்க."