எண்ணூறுக்கு அறுநூறு

எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். காபியோடு உள்ளறைக்குப் போய் மனைவியின் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தான். திரையில் அவள் படத்தின் மேல் எழுத்துகள் கட்டைவிரல் தடிமனில் வந்து நின்றன. குடித்து முடித்ததும் அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான். அவள் போன பிறகு தினமும் இப்படித்தான்.

இன்று அணைப்பதற்குள் மச்சினன் வந்துவிட்டான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அக்காவுக்கு இந்த லினக்ஸ் பெட்டியைக் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தவனும் அவன்தான். வா என்று சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“பெட்டியை எடுத்துட்டுப் போறேன் மாமா. கடைக்கு வேணும்.”

“முடியாது.”

மச்சினன் திரையைப் பார்த்துச் சிரித்தான். “என்ன இது, பஸ் போர்டு மாதிரி? திரை அளவு எண்ணூறுக்கு அறுநூறா? கலரும் பதினாறு பிட்டு. போட்டோவுல அக்கா கன்னத்தைப் பாருங்க, பட்டை பட்டையா விழுது. கண்ணு மங்கிப் போனவளுக்கு இதையா குடுத்து வச்சிருந்தீங்க?”

“அவளே வச்சது. எழுத்து பெருசா வேணும்னு. பெட்டி மெதுவாச்சு, அதான் கலரைக் குறைச்சா. கடைசி வரைக்கும் இதுலதான் அச்சுக்குப் போற புரூப்பைத் திருத்தினா.”

“நல்லா கதை விடுறீங்க.”

மச்சினன் திரை அமைப்பைத் திறந்து எண்ணூறைவிடப் பெரிய அளவைத் தட்டினான். திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. எழுத்துகள் எறும்பாகச் சிறுத்தன. நடுவில் ஒரு கட்டம்: இதையே வைத்துக்கொள்ளவா, பழையதற்கே போகவா? அடியில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

மச்சினன் அழுத்துவதற்குள் அவன் மவுஸின் வயரைப் பிடுங்கினான். விசைப்பலகையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நொடிகள் தீர்ந்தன. எழுத்துகள் பழையபடி பெரிதாக வந்து நின்றன.

“பச்சைப் புள்ளையா நீ?” மரியாதை போய்விட்டது. “கலரையாச்சும் மாத்துறேன். அதுக்குப் பாஸ்வேர்டு கேக்கும், சொல்லு.”

“மாட்டேன்.”

“அக்கா கடைசியா என் பேரைத்தான் சொன்னாள்னு எங்கம்மாகிட்ட சொன்னியே. அப்படி என் நெனப்பா இருந்தவ பெட்டியை எனக்குத்தானே குடுத்திருப்பா?”

“சொல்லலை. உங்கம்மா அழுகையை நிறுத்தணும்னு நான் சொன்னது அது.”

மச்சினன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

“அப்ப என்னதான் சொன்னா?”

அவன் விசைப்பலகையை மேஜையில் வைத்தான். போன அன்றும் அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள். திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு படிக்கிறாளே, அளவைச் சரிசெய்து கொடுப்போம் என்று அவனும் இதே அமைப்பைத்தான் திறந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பிறகு சரிந்தாள்.

“‘தொடாதீங்க. இப்பத்தான் தெரியுது.’”